மிஷன் பள்ளிகளின் இசைப்பணியும் நம் மக்களும்

நமது கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், கல்வி என்றவுடன் எழுத்தும் கணக்கும் மட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. நம் பாட்டன்மார் காலத்தில் சேரிப் பிள்ளைக்கு முதற்கல்வியாக வாய்த்தது பல ஊர்களில் பாட்டே ஆகும். அப்பாட்டைக் கற்பித்தவர்கள் யார், எந்நோக்கத்துடன் கற்பித்தனர், அதனால் நாம் பெற்றது யாது, இழந்தது யாது என்பவற்றை இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இதனை எழுதுகின்றோம். எச்சமயத்தையும் பரப்புவதோ பழிப்பதோ நம் கருத்தன்று.

பெண்ணாடத்தில் இசைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. திருத்தூங்கானைமாடம் எனத் தேவாரப் பதிகம் பெற்ற தலம் இது. திருநாவுக்கரசர் தம் தோளில் சூலக்குறியும் இடபக்குறியும் பெற்ற இடம் என்று பெரியபுராணம் இதனைப் போற்றும். மெய்கண்டார் தோன்றிய ஊரும் இதுவே. கோயிலினுள் ஓதுவார் பண்ணுடன் பாடினார். வாயிலில் நாகசுரமும் தவிலும் ஒலித்தன. ஊருக்கு வெளியே சேரியில் பறை முழங்கியது. மூன்றும் இசையே. ஆயினும் முதலிரண்டையும் கற்க நம் மக்களுக்கு உரிமையில்லை. மூன்றாவதை வாசிக்க மறுக்கவும் உரிமையில்லை. சாவு விழுந்தால் அழைப்பு வரும். திருவிழாக் கொடியேறினால் அழைப்பு வரும். கூலி என்று ஒன்று கேட்டுப் பெறும் நிலை அரிது. சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் முழுமையாக வந்தது 1947-இல் என்பதை நினைத்தால், எத்தனை தலைமுறை நம்மவர் தேவாரத்தை மதிலுக்கு வெளியே நின்றுகூடக் கேளாமற் கழிந்தனர் என்பது விளங்கும்.

இந்நிலையில், பாட்டைக் கற்பிக்கிறோம் வாருங்கள் என்று சேரிக்குள் வந்து அழைத்தவர் என்ற முறையில் மிஷனரிகளின் பணியை நாம் நோக்க வேண்டும்.

நம் பக்கத்து விருத்தாசலம் வட்டாரத்திலேயே தொடங்கலாம். 1711-இல் தமிழகம் வந்து வீரமாமுனிவர் எனப் பெயர் பெற்ற பெஸ்கி அடிகள், கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எடுத்தார். அன்னைக்குச் சேலை உடுத்தித் தமிழ்ப்பெண் கோலம் தந்த அவர், தேம்பாவணியையும் திருக்காவலூர்க் கலம்பகத்தையும் தமிழ்ச் சந்தத்தில் யாத்தார். எனினும் அவை புலவர் அவைக்குரிய நூல்கள். வரப்பில் நிற்கும் பிள்ளைக்கு அவை எட்டவில்லை.

பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடக் கற்பிக்கும் முறை தரங்கம்பாடியில் எழுந்தது. 1706 சூலையில் அங்குக் கரையிறங்கிய சீகன்பால்கு, மறு ஆண்டே பள்ளி தொடங்கினார். ஜெர்மனியின் லுத்தரன் திருச்சபையில் பாட்டு என்பது குருமாருக்கு மட்டும் உரியதன்று. சபையார் அனைவரும் வாய்திறந்து பாடவேண்டும் என்பது அவர்தம் மரபு. அதனால் ஜெர்மன் மெட்டுகளுக்கேற்பத் தமிழ்ச் சொற்கள் அமைக்கப்பட்டுப் பள்ளியிலும் ஆலயத்திலும் பாடப்பட்டன. மெட்டு ஓரிடத்தில் அழுத்த, தமிழ்ச்சொல் வேறோரிடத்தில் நீள, எதுகையும் மோனையும் இருக்குமிடம் தெரியாமற் போக, அப்பாட்டுகள் நாவில் எளிதில் அமரவில்லை. ஆயினும் அடிமைகளாயிருந்தோரும் கூலிகளாயிருந்தோரும் ஏடு ஒன்றைக் கையிற் பிடித்து நின்று பாடினர் என்பது சிறிய செய்தியன்று.

அந்த ஆலயத்தின் உள்ளிருக்கை எப்படி இருந்தது என்பதையும் மறைக்காமற் கூறவேண்டும். 1718-இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில் சாதியாருக்கு ஓரிடமும் நம்மவர்க்கு வேறிடமுமாகவே இருந்தது. கடலூரிற் பிறந்த ஆரோன் என்னும் வேளாளர் 1733-இல் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவின் புராட்டஸ்டண்டு குருமாருள் முதல்வர் அவரே. அதே காலத்தில் தஞ்சைப் பகுதியில் பெருந்தொண்டு புரிந்த இராஜநாயக்கன் என்பவர் பறையர் குலத்தவர். படைவீரராயிருந்து உபதேசியார் ஆனவர். அவருக்குக் குருப்பட்டம் கிட்டவில்லை. அவர் கையால் நற்கருணை பெற வேளாளக் கிறித்தவர் இசையார் என்பதே காரணம். ஒரே பாட்டை ஒரே மெட்டில் பாடிய வாய்கள், ஒரே கிண்ணத்தில் அருந்த மறுத்தன.

கடலூரில் இம்மிஷன் 1737-இல் நிலைகொண்டது. 1740-இல் கியர்நாண்டர் என்பார் அங்கு வந்து பணியாற்றினார்; 1758-இல் பிரெஞ்சுக்காரர் புனித டேவிட் கோட்டையைக் கைப்பற்றியபின் கல்கத்தா சென்றார். நம் மாவட்டத்துப் பள்ளிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் இவ்வாண்டுகளை விட்டுவிடலாகாது.

தமிழ்ப் பாட்டு தமிழ் இராகத்தில் ஆலயத்துள் நுழைந்தது தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரால் ஆகும். 1774-இல் திருநெல்வேலியிற் பிறந்த இவரைச் சுவார்ட்சு ஐயர் சிறுவயதில் தஞ்சைக்கு அழைத்துவந்து கற்பித்தார். பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோசியும் சுவார்ட்சின் மாணவரே. (சுவார்ட்சு ஐயர் தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவுக்கு வயலின் கற்பித்தார் என்று சிலர் எழுதுகின்றனர். சுவார்ட்சு மறைந்தது 1798. வடிவேலு பிறந்தது 1810. எழுதுமுன் ஆண்டைப் பார்த்தல் வேண்டும்.) சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடினார், நோவா பேழை கட்டிய கதையை ஞானத்தச்ச நாடகமாக்கினார், ஞான ஏற்றப்பாட்டும் இயற்றினார். ஏற்றப்பாட்டு எவருடையது? விடியுமுன் எழுந்து துலாவில் ஏறி நீரிறைத்தவன் பாட்டு அது. உழைத்த கால்களின் தாளம் அதிலுள்ளது. நம்மவர் கழனியிற் பாடிய வடிவம் புலவர் கையால் திருத்தம் பெற்று ஆலயத்துள் சென்றது.

பாட்டு உள்ளே சென்றது. பாடியவன் நிலை யாது? இவ்வினாவுக்கும் சாஸ்திரியாரே விடை தந்துள்ளார். புதிதாக வந்த ஆங்கில மிஷனரிகள் சபையில் சாதிப் பிரிவினையை ஒழிக்க முற்பட்டபோது அவர் கடுமையாக எதிர்த்தார். சாதியைத் திருத்தப் புகுவது பைத்தியம் என்னும் கருத்துடன் 1829-இல் நூலே எழுதினார். மிஷனரிகள் செய்த கொடுமைகள் என அவர் தரப்பினர் அடுக்கியவை நான்கு: வேதமொழிபெயர்ப்பை மாற்றியது, சாதியார் அனைவரையும் ஒன்றாக்க முயன்றது, திருநாட்களிற் பூவைத் தடுத்தது, தமிழ்க் கீர்த்தனைகளை விலக்கியது. இந்த நான்கையும் ஒரே வரிசையில் வைத்ததை நம் இளைஞர் ஊன்றி நோக்குதல் வேண்டும். தமிழிசைக்காக அவர் வாதாடியது முற்றிலும் நியாயமானது. பூவுக்காக வாதாடியதும் நியாயமே. அந்த நியாயங்களின் நடுவே, நம்மவர் அருகில் அமர்வதும் ஒரு கொடுமையாக எண்ணப்பட்டது. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது எனக் கட்டளையிட்டபோது தஞ்சையில் பெருங்குழப்பம் விளைந்தது. தமிழிசையின் காவலர் சாதியின் காவலராகவும், சாதியை எதிர்த்த வெள்ளையர் தமிழிசையை மதியாதவராகவும் இருந்தனர். நமக்கு வேண்டிய இரண்டும் ஒருவரிடத்தில் இருக்கவில்லை.

இரண்டும் ஓரளவு கலந்தது அடுத்த தலைமுறையில். மதுரை அமெரிக்க மிஷனைச் சார்ந்த எட்வர்டு வெப் என்பார் 1853-இல் கிறித்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். சாஸ்திரியார் பாடல்கள் அதிற் பெரும்பங்கு வகித்தன. அதற்கு மூன்றாண்டு முன்னர், 1850-இல், சென்னையிற் கூடிய மிஷன்கள் பலவும் சாதியைக் கைவிடாதவரைச் சபையிற் சேர்ப்பதில்லை எனத் தீர்மானித்திருந்தன. லைப்சிக்கு லுத்தரன் மிஷன் மட்டும் இதற்கு உடன்படவில்லை. அம்மிஷனிலிருந்து சாதிப் பிரச்சினையின் பொருட்டே விலகிய கார்ல் ஓக்சு என்னும் ஜெர்மானியர், 1860-களின் தொடக்கத்தில் நம் மாவட்டத்து மேல்பட்டாம்பாக்கத்தில் தனியே பணி தொடங்கினார். டேனிஷ் மிஷன் சங்கம் அவருக்குத் துணைநின்றது. சாதிக்காக ஒரு மிஷனையே உதறிய மனிதர் நடந்த மண் நம் மண் என்பது நம்மவருட் பலர் அறியாதது.

இனி, சேரியின் இரவுப் பள்ளிக்கு வருவோம். பகலெல்லாம் பண்ணையாரின் மாட்டை மேய்த்த சிறுவன் விளக்கு வைத்தபின் உபதேசியார் வீட்டுத் திண்ணைக்கு வருவான். தூக்கம் கண்ணைச் சுழற்றும். அந்நேரத்தில் அரிச்சுவடியை நீட்டினால் யார் படிப்பார்? உபதேசியார் பாடுவார். பல்லவியை மூன்று முறை. பிள்ளைகள் திருப்பிப் பாடுவார்கள். பிறகு அனுபல்லவி, பிறகு சரணம். கையால் தொடையில் தாளம். பாட்டு வாயில் ஏறியபின் அச்சிட்ட புத்தகத்தை விரித்து, நீ பாடிய சொல் இதோ இங்கிருக்கிறது என்று விரல்வைத்துக் காட்டுவார். மனப்பாடமாயிருந்த சொல்லின் உருவத்தைக் கண் அடையாளம் கண்டுகொள்ளும். எழுத்து அறியா முன்னரே வாசிக்கத் தெரிந்துவிட்டதுபோன்ற மகிழ்ச்சி பிள்ளைக்கு உண்டாகும். ஆசிரியப் பயிற்சி பெற்றோர் இன்று புதிய முறை எனப் போற்றுவதை அந்த ஏழை உபதேசியார்கள் பெயரிடாமற் செய்தனர்.

கீர்த்தனைப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் இராகமும் தாளமும் அச்சிடப்பட்டிருக்கும். சங்கராபரணம், ஆதி தாளம் என்று சேரிச் சிறுமி ஒருத்தி எழுத்துக்கூட்டிப் படித்தாள் என்றால் அதன் பொருளை எண்ணிப் பாருங்கள். சபாக்களிலும் அக்கிரகாரத்திலும் வழங்கிய சொற்கள் அவை. நாற்றுநடவுப் பாட்டும் ஒப்பாரியுமே தன் பங்கு என வளர்ந்த பெண், நான்கு பேர் நடுவே நிமிர்ந்து நின்று பாடும் துணிவை அங்குதான் பெற்றாள். நம் தெருக்களில் கையெழுத்துப் போடத் தெரியாத மூதாட்டியர் முழுநீளக் கீர்த்தனைகளை ஒரு சொல் பிறழாமற் பாடக் கேட்டவர்கள் நாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பணி ஒரு முறையாகவே வகுக்கப்பட்டது. ஈரோட்டில் இலண்டன் மிஷனைச் சார்ந்து பணியாற்றிய எச். ஏ. பாப்லி, எல். ஐ. ஸ்டீபன் என்பாருடன் சேர்ந்து இசைவழி நற்செய்திப் பணிக்கான கைந்நூலொன்றை 1914-இல் வெளியிட்டார். பாகவதர்கள் நிகழ்த்திய கதாகாலட்சேபத்தின் வடிவத்தை அப்படியே கைக்கொண்டு, நடுவே கதை சொல்பவர், பின்பாட்டுக்காரர், மிருதங்கம், ஜால்ரா எனக் குழுவமைத்து ஊரூராகச் செல்வது அம்முறை. பாப்லி இந்திய இசை பற்றி 1921-இல் வெளியிட்ட ஆங்கில நூல் நெடுநாள் பாடநூல்போல் விளங்கியது. மிஷன் ஆசிரியப் பயிற்சியில் உருவாகி, தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை 1912-இல் நிறுவி, கருணாமிர்த சாகரத்தை 1917-இல் வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரைப் பற்றித் தனிக்கட்டுரையே எழுதவேண்டும். பெயரளவில் நினைவுகூர்ந்து செல்கிறோம்.

காலட்சேபம் என்றவுடன் நந்தன் நினைவு வருதல் இயல்பு. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை 1860-களின் தொடக்கத்தில் அச்சேறியபின் தமிழகமெங்கும் பாடப்பட்டது. நந்தன் சிதம்பரம் போக ஏங்கியதைக் கேட்டு மேல்சாதியார் கண்ணீர் வடித்தனர். நந்தன் மக்கள் கோயிலுக்கு வெளியிலேயே நின்றனர். இவ்வேறுபாட்டை வாழ்நாள் முழுதும் உணர்ந்தவர் சுவாமி சகஜானந்தர். 1890-இற் பிறந்து திண்டிவனம் அமெரிக்க மிஷன் பள்ளியிற் பயின்ற அவர், மதம் மாற உடன்படாமல் வெளியேறினார். 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயராலேயே கல்விக்கழகம் கண்டார். மிஷன் கல்விக்கு ஒரு விலை இருந்தது என்பதற்கும், அவ்விலையைத் தராமலே அக்கல்வியின் பயனை நம் மக்களுக்கு ஆக்கித்தர முடியும் என்பதற்கும் அவர் வாழ்வே சான்று. அதே சிதம்பரத்தில் 1929-இல் இசைக்கல்லூரி எழுந்ததும், 1940-களில் அங்கிருந்தே தமிழிசை இயக்கம் வலுப்பெற்றதும் யாவரும் அறிந்தவை. தமிழிசை என்று அங்குப் பேசப்பட்டபோது பறை அக்கணக்கிற் சேரவில்லை.

இனி பறையைப் பற்றி. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையை வைக்கிறது. துடியன், பாணன், பறையன், கடம்பன் என நான்கு குடிகளைச் சிறப்பித்துப் புறநானூற்றுப் பாட்டொன்று பேசுகிறது. இத்தொன்மையுடைய கருவியை மிஷன் பள்ளி கற்பிக்கவில்லை. பேய்க்கு அடிப்பது, சாவுக்கு அடிப்பது, குடியோடு சேர்ந்தது என்று விலக்கியது. திருமுழுக்குப் பெற்றவன் பறையைத் தொடலாகாது என்பது பல சபைகளின் எழுதாச் சட்டம். ஆர்மோனியத்துக்கு ஆலயத்தில் முதலிடம் கிடைத்தது. (இந்த ஆர்மோனியத்தையும் நம் இசைக்கு ஒவ்வாதது என்று வானொலி நிலையத்தார் 1940 முதல் 1971 வரை விலக்கிவைத்திருந்தனர். விலக்கப்படுவதன் வலி எல்லாக் கருவிக்கும் ஒருமுறை வரும்போலும்!) மிருதங்கமும் ஆலயத்தினுள் வந்தது. அதற்கும் மாட்டுத்தோல்தான், அத்தோலை வாங்கிப் பதமாக்கி மூட்டியவர்களுட் பலர் தஞ்சையிலும் சென்னையிலும் வாழ்ந்த நம்மினக் கிறித்தவர்களே. டி. எம். கிருஷ்ணா 2020-இல் வெளியிட்ட நூல் இவர்தம் வரலாற்றைச் சொல்கிறது. ஒரே தோல் மேடையிலேறினால் தூய்மை. தெருவில் முழங்கினால் தீட்டு.

பழியை மிஷனரிகள்மேல் மட்டும் சுமத்துதல் முறையன்று. நம் தலைவர்களே பறையைக் கீழே வைக்கச் சொன்னார்கள். காட்டுமன்னார்கோயில் பகுதியில் தோன்றி நாடாளுமன்றம் சென்றவரும், தீண்டாமை பற்றிய அகில இந்தியக் குழுவின் தலைவராக 1969-இல் அறிக்கை தந்தவருமான எல். இளையபெருமாள், கட்டாயப் பறையடிப்பையும் செத்தமாடு தூக்குவதையும் எதிர்த்து நின்றார். அவர் எதிர்த்தது அடிமை வேலையை. கூலியின்றி, மறுக்க வழியின்றி, அடி என்றபோது அடிப்பது இசையாகாது. அந்நாளில் பறையை எறிந்தவன் கையில் அதனினும் பெரிய ஒன்று வந்தது என்பதை நாம் மறுக்கமாட்டோம். ஆனால் வேலையை எறிந்தபோது வித்தையும் சேர்ந்து போயிற்று. தோலை வைக்கோல் தீயிற் காய்ச்சிச் சுருதி கூட்டுவதும், இரு குச்சிகளையும் இரு விதமாகப் பிடித்து இருவேறு ஒலி எழுப்புவதும், சாமி புறப்பாட்டுக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வெவ்வேறு அடிகளும் ஒருவரும் ஏட்டில் எழுதிவையாத கல்வி. இரவுப் பள்ளியில் சங்கராபரணத்தின் பெயரைக் கற்ற பிள்ளைக்குத் தன் தாத்தாவின் அடிகளின் பெயரைச் சொல்லித்தர ஆளில்லாமற் போயிற்று.

இதனைத் திருச்சபைக்குள்ளிருந்தே உணர்ந்து பேசியவர் பரட்டை என்னும் புனைபெயர் கொண்ட தியாபிலஸ் அப்பாவு. 1940-இற் பிறந்து 2005-இல் மறைந்த இவர், மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்தார். கர்நாடக இசைக் கீர்த்தனை வேளாளக் கிறித்தவர் வழி வந்தது, மேனாட்டுப் பாமாலை வெள்ளையர் வழி வந்தது. இரண்டையும் பாடுகிற ஏழைக்குத் தன் பாட்டு எங்கே என்று அவர் கேட்டார். கிராமத்துப் பேச்சுமொழியில், நாட்டுப்புற மெட்டில், வழிபாட்டு முறையையே புதிதாக இயற்றினார். பறையை ஆலயத்துள் அழைத்துவந்தார். 1990-களில் பெருகிய தலித் கலை விழாக்களில் விடுதலை முழக்கமாகப் பறை ஒலித்ததற்கு இத்தகையோர் உழைப்பும் ஒரு காரணம். மதுரைப் பகுதிப் பறைக்கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது, ஆசான் என்ற சொல் அக்கருவியோடு சேர்ந்து நாடெங்கும் ஒலித்தது.

அப்பாவுவின் முறையில் ஒரு சிறப்பு உண்டு. அச்சிட்ட கீர்த்தனையிற் சொல் பிறழ்ந்தால் உபதேசியார் திருத்துவார். இவரோ, தாம் இயற்றிய பாட்டை ஊரார் தம் ஊருக்கேற்ப மாற்றிப் பாடுவதை வரவேற்றார். மாற்றிப் பாடத் தெரிந்தவனுக்கே பாட்டு சொந்தம் என்பது அவர் கொள்கை.

நம் சங்கத்து மாலை வகுப்பில் ஆர்மோனியம் ஒன்று உண்டு. பறை இன்னும் இல்லை. அடிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்த முதியவர் இருவர் நம் தெருக்களில் இருக்கின்றனர்; மாலை வேளையில் வீட்டிலேயே இருப்பார்கள்.